பதினோரு கோழிகளும் ஒரு புகார் மனுவும்

2025 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும், அம்மாவிடம் இருந்து போன். "கோழியெல்லாம் செத்துக் கெடக்குடி" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. கம்பம் டவுனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இருந்து எங்கள் காலனிக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிடம். நான் போய்ச் சேர்ந்தபோது பழைய உரச்சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தாள். மொத்தம் பதினொன்று. முட்டை வைக்கும் பெட்டைகள் ஆறு, இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழிகள் நான்கு, ஒரு சாவல். அடையில் உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டை மட்டும் வீட்டுக்குள் இருந்ததால் தப்பியிருந்தது.

பங்குனி, சித்திரையில் கோழி செத்தால் முதலில் வெள்ளைக்கழிச்சல் என்றுதான் தோன்றும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் இப்படிக் கொல்லாது. முதலில் இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். இன்று இரண்டு, நாளை மூன்று என்று போகும். ஒரே ராத்திரியில் பதினொன்றும் விழாது. அம்மா ஒன்றின் இரைப்பையை அரிவாள்மனையில் கீறிக் காட்டினாள். நிறையக் குருணை. மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு மருந்து வாடை. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான். யார் வைத்தது என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் எழுதப் போவதில்லை. அம்மா இன்னும் அந்தத் தோட்டத்துக்குத்தான் கவாத்துக்கும் குலை வெட்டவும் போகிறாள்.

நான் செய்யும் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போவது, பாதிக்கப்பட்டவர்களோடு ஸ்டேஷனுக்குப் போவது, மனு எழுதிக் கொடுப்பது, வழக்குப் பதியும் வரை விடாமல் நடப்பது. "பயப்படாதீங்க, எழுதிக் குடுங்க, நாங்க இருக்கோம்" என்ற வாக்கியத்தை எத்தனை வீட்டுத் திண்ணையில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்றைக்கும் வாயில் அதுதான் முதலில் வந்தது. "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழிக்கா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

கோழிதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. நான் கம்பத்தில் பிளஸ் டூ முடித்து மதுரைக்குப் படிக்கப் போன காலத்தில் அப்பாவின் கூலி வீட்டுச் சோற்றுக்கும் அவர் குடிக்கும் சரியாகப் போகும். அம்மா விடிகாலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டித் திரும்புவாள். அந்தக் கூலி சனிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை கடனுக்குப் போகும். எனக்குச் செமஸ்டர் ஃபீஸ், பஸ் காசு, ஹாஸ்டலில் மாதாமாதம் கட்டிய பணம் எல்லாம் அரிசிப் பானைக்குள் முடிச்சுப் போட்டு வைத்த சிறுவாட்டில் இருந்து வந்தது. சிறுவாடு கோழியில் இருந்து வந்தது. ஒரு நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வைக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. அதில் பாதியை விற்று, பாதியை அடை வைத்து, பொரித்ததில் பாதியைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுத்து, மிச்சத்தை வளர்த்து வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் விற்பாள். திருவிழா நெருங்கினால் சாவல் விலை ஏறும். வெள்ளையடித்த சுவரில் கரிக்கட்டையால் கோடு கிழித்து அம்மா எழுதிய கணக்கில்தான் நான் சமூகவியல் எம்.ஏ. முடித்தேன்.

இதைச் சொன்னால் என் உடன் வேலை பார்க்கும் ஒரு நண்பர் "நாட்டுப்புறப் பெண்களின் பாரம்பரிய அறிவு" என்று தொடங்கிவிடுவார். அறிவு இருக்கத்தான் செய்கிறது. அடை வைக்கும்போது ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று கூடையில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போடுவாள். நான் ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். எடுத்தாள். இரும்புத் துண்டையும் விடவில்லை. பருந்து ஏமாறட்டும் என்று குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசுவாள். ஒருமுறை கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைத்துவிட்டு, கோழி முட்டைக்கு இருபத்தொன்று, வாத்துக்கு இருபத்தெட்டு நாள் என்பது தெரியாமல் "எல்லாம் கூமுட்டை" என்று தூக்கிப் போட்டவள் நான். அதை இன்னும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். எம்.ஏ. படித்த பிள்ளை!

பாரம்பரியம் என்று சொல்வதில் எனக்கு உள்ள தயக்கம் வேறு. எங்கள் வீடுகளில் ஏன் கோழி, ஏன் ஆடு, ஏன் பன்றி? ஏன் பண்ணை மாடு இல்லை? ஏன் தோப்பு இல்லை? நிலம் இல்லாதவருக்கு மிஞ்சிய ஒரே சொத்து காலுள்ள சொத்து. அது தானாக நடந்து போய் இரை தேடும். அந்தச் சொத்திலும் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்று சொல்ல எப்போதும் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. மநுவின் பத்தாவது அத்தியாயம் சண்டாளர்களுக்கு ஊருக்கு வெளியே இருப்பிடம் என்று சொல்லிவிட்டு, நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்று பட்டியலிடுகிறது. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தது இந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் பழைய வடமொழிப் புத்தகம் என்று தள்ளிவிட முடியாது. நம் பக்கத்து ராமநாதபுரத்துக்கு வாருங்கள். 1930 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. நகை போடக் கூடாது, இப்படித்தான் உடுத்த வேண்டும் என்ற வகைத் தடைகள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. அதில் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, இவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. இன்னொன்று, இவர்கள் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். இதைப் பதிவு செய்தவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன். பள்ளிக்கூடத்துக்குப் போகாதே, என் மாட்டை மேய். உன் மாடு இருந்தால் அதை நான் ஓட்டிக்கொண்டு போவேன். மூன்றும் ஒரே உத்தரவுதான்.

ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை தென்மாவட்டச் சில கிராமங்களில் இருப்பதாக நம் காலத்திலேயே செய்தி வந்தது. ஊர்த் தெருப் பெண் நாயோடு காலனி ஆண் நாய் சேர்ந்துவிடக் கூடாதாம். இதைக் கேட்டுச் சிரித்த கல்லூரி மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். காதலித்ததற்காகத் தண்டவாளத்தில் கிடத்தப்படும் நம் பையன்களை நினைத்துக்கொண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

மாரி செல்வராஜின் படங்களில் பிராணிகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று ஒரு மாணவி கூட்டத்தில் கேட்டாள். 'பரியேறும் பெருமாள்' கருப்பி, 'கர்ணன்' கழுதை, 'மாமன்னன்' பன்றிக்குட்டிகள். குறியீடு, உருவகம் என்று நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அவை குறியீடாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பிராணிகள் எங்களோடு சேர்ந்தே அடிவாங்கும், அவ்வளவுதான். கர்ணனில் பருந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியில் தியேட்டரில் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அம்மா மட்டும் சீட்டில் இருந்து பாதி எழுந்து "ச்சூ, ச்சூ" என்று விரட்டினாள்.

வாரத்துக்கு வளர்ப்பது பற்றி இளைய தோழர்களுக்குத் தெரிந்திருக்காது. என் அப்பத்தா காலத்தில் எங்கள் தெருவில் நின்ற மாடுகளில் பெரும்பாலானவை எங்கள் தெரு மாடுகள் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் கிடாரிக் கன்று ஒன்றைக் கொடுப்பார். வளர்க்க வேண்டும். புல் அறுப்பது, தண்ணி காட்டுவது, சாணி அள்ளுவது எல்லாம் நம் பாடு. சினைப்பட்டுக் கன்று ஈன்ற பிறகு மாட்டுக்கு விலை போட்டுப் பாதி. விலை போடுவது யார்? கொடுத்தவர்தான். ஆட்டில் என்றால் ஒரு ஈத்துக் குட்டி அவருக்கு, ஒரு ஈத்துக் குட்டி நமக்கு. அப்பத்தா இரண்டரை வருடம் வளர்த்த கிடாரி பாம்பு கடித்துச் செத்துப் போனது. அதற்கு ஈடாக இரண்டு நடவுக்குக் கூலி இல்லாமல் போய் நின்றிருக்கிறாள். செத்த மாட்டைத் தூக்கிப் போட்டதும் நம் ஆட்கள்தான். அதற்கும் கூலி இல்லை. இதே கம்பத்தில் மாட்டுப் பொங்கல் அன்று தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். அன்றைக்குப் பிறக்கும் கன்றுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். அந்த மாடுகள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாட்டுக்கு இருக்கும் முறை வாசல் அதைக் குளிப்பாட்டிய கைக்கு எப்போது வந்தது என்பதுதான் கேள்வி.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? காலனிக் கோழியை ஊர்க்காரர் வாங்குவார். உயிரோடு, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துப் போவார். முட்டையையும் வாங்குவார், ஓடு இருக்கிறதே. ஓடும் இறகும் இருக்கும் வரை தீட்டு கிடையாது. அதே கோழியை அம்மா குழம்பு வைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார். காலனி மாட்டின் பாலை ஊற்ற விடாத இடங்கள் இருக்கின்றன. நான் களப்பணியில் பார்த்த ஒரு கிராமத்தில் நம் பெண் ஒருவர் இரண்டு கறவை மாடு வைத்திருந்தும் பக்கத்து ஊர் வரை சைக்கிளில் போய்ப் பால் ஊற்றி வந்தார். உள்ளூரில் கேட்டால் "தண்ணி கலக்குறாங்க" என்பார்கள். வகுப்பில் தூய்மை, தீட்டு என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். முட்டை ஓட்டின் பங்கை யாரும் சொல்லித் தரவில்லை. எம்.என். சீனிவாஸ் 1948இல் ராம்புரா கிராமத்தில் ஆய்வுக்குத் தங்கிய இடம் ஊர்த் தலைவரின் காளைகள் கட்டிய வீடு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் வீட்டுக் காளைகளோடு இருந்து பார்த்தால் ஒரு ஊர் தெரியும். எங்கள் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு ஊர் தெரியும். 'ஆதிக்கச் சாதி' என்ற சொல்லை நமக்குப் பாடமாக்கிக் கொடுத்தவர் அவர்தான், அந்த நன்றி இருக்கிறது.

இப்போது அரசாங்கம். புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டம் என்று இருக்கிறது. நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் புறக்கடைக் கோழிகள் சுமார் 31.7 கோடி. 2012இல் இருந்ததைவிட ஏறத்தாழ 46 சதவீதம் கூடுதல். பண்ணைக் கோழிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. சரி, இந்தப் 'புறக்கடை' எங்கே இருக்கிறது? எங்களுடையது மூன்று சென்ட் மனை. வீடு, கக்கூஸ், தண்ணித்தொட்டி போக மிச்சம் ஒரு கட்டில் போடும் இடம். எங்கள் கோழிகளின் புறக்கடை வாய்க்கால் கரை. வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் தோட்டம். 2011இல் விலையில்லா ஆடு திட்டம் வந்தபோது எங்கள் தெருவிலும் வீட்டுக்கு நான்கு வெள்ளாடு கிடைத்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நான்குக்கும் பெயர் வைத்தாள். ஆடு கொடுத்தார்கள், புல் கொடுக்கவில்லை. மேய்ச்சல் புறம்போக்கு எப்போதோ பட்டாவாகிவிட்டது. யாருக்கு என்று கேட்க வேண்டாம். மேகமலைப் பக்கம் போனால் வனத்துறை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லா வனத்திலும் மேய்ச்சலுக்குத் தடை என்றது, சில நாளிலேயே சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று மாற்றியது. மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்தான் வருகிறது. எங்கள் நான்கு ஆடுகள் அதற்கெல்லாம் பல வருடம் முன்பே முடிந்துவிட்டன. ஒன்று ஆட்டுக்கொல்லி நோயில் போனது. இரண்டை, வரப்பில் மேய்ந்ததற்குப் பிடித்து வைத்து அபராதம் கேட்டார்கள். அபராதம் கட்ட ஒன்றை விற்றாள். மிச்சம் இருந்ததை எதற்கு வம்பு என்று விற்றாள்.

ஆக, கதை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். பிராணி நம்முடையது, அது கால் வைக்கும் மண் வேறொருவருடையது. ஏழை வளர்க்கும் எதுவும் அத்துமீறித்தான் வயிறு நிறைக்க முடியும். 1871இல் இருந்து கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பயிரில் இறங்கிய ஆடு, மாடு, பன்றியைப் பிடித்து பவுண்டில் அடைக்கலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் கோழி கிடையாது. கோழிக்கு மருந்து!

சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428ஆவது பிரிவு, பத்து ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பிராணியைக் கொன்றால் தண்டனை என்றது. 429 மாடு, குதிரை, யானை போன்றவற்றுக்கும், ஐம்பது ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள மற்றவற்றுக்கும். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 325ஆவது பிரிவு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. விலைப் பேச்சு இல்லை, எந்தப் பிராணியானாலும் ஐந்தாண்டு வரை. ஆகவே கோழிக்கும் வழக்கு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருமா? செத்த பிராணியைக் கொண்டு வந்து நம் வாசலில் போட்டால் 3(1)(பி) வரும். நம்மைக் கட்டாயப்படுத்திச் செத்ததைத் தூக்கச் சொன்னாலும் பிரிவு இருக்கிறது. நம் பிராணியை நம் வாசலிலேயே சாகும்படி செய்தால்? அதற்கென்று நேரான பிரிவு இல்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், மிரட்டியிருந்தால், அந்தப் பிரிவுகளோடு சேர்த்து எழுதலாம். எங்கள் விஷயத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. குருணையைத் தூவிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லாமல் செய்யப்படும் வன்கொடுமையை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் மற்றவர்களுக்கு எழுதியதில் எப்போதும் ஒரு வசவு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். மருந்து வைத்துப் பிராணி செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் உடற்கூறு செய்து காகிதம் வாங்குங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குழி வெட்டிவிட்டாள். நாய் தின்று நாயும் சாகக் கூடாது என்பது அவள் கவலை.

அன்று ராத்திரியே மனு எழுதிவிட்டேன். சுத்தமான மனு. தேதி, நேரம், இடம், மதிப்பு பதினோராயிரம் ரூபாய். அம்மா கையெழுத்துப் போடவில்லை. நான் கத்தினேன். "ஊருக்கெல்லாம் சொல்றேன், என் வீட்டுலயே இப்படின்னா எனக்கு என்ன மரியாதை?" என்றேன். அசிங்கமான வாக்கியம், எழுதும்போதே கை கூசுகிறது. பதினோரு கோழி செத்தது அவளுக்கு, நான் என் மரியாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னாள்: "நீ மனு குடுத்துட்டு கம்பத்துக்குப் போயிருவ. நான் நாளைக்குக் காலையில வாய்க்கால் தண்ணிக்குப் போகணும்."

இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன் குறைந்தது இருபது வீடுகளில் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அதற்கு 'விழிப்புணர்வு இல்லாமை' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கைகளை இப்போது எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா சும்மாவும் இருக்கவில்லை. மறுநாள் அந்தத் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. ஆள் வந்து கேட்டதற்கு மேலுக்குச் சரியில்லை என்றாள். அவளோடு இன்னும் மூன்று பெண்களுக்கும் மேலுக்குச் சரியில்லாமல் போனது. கவாத்து நேரம். ஒரு நாள் தள்ளினாலும் தோட்டக்காரருக்கு வலிக்கும். நான் அதைப் போராட்டம் என்று நினைத்து உற்சாகமானேன். வெளியில் இருந்து ஆள் கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் மற்ற மூன்று பேரும் போனார்கள், மூன்றாவது வாரம் அம்மாவும் போனாள். கோழிக்குக் காசு வரவில்லை. அதன்பிறகு மருந்தும் வைக்கவில்லை. அந்த நான்கு காய்ச்சலால்தான் வைக்கவில்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா அப்படித்தான் நம்புகிறாள்.

இப்போது கோழிகளை அடைத்து வளர்க்கிறாள். பழைய மீன்வலை, நான்கு கம்பு, ஒரு தகரம். தப்பிய கறுப்புப் பெட்டை ஒன்பது குஞ்சு பொரித்ததில் இருந்துதான் மறுபடி ஆரம்பம். அடைத்து வைத்தால் செலவு வேறு மாதிரி. முன்பு சாயங்காலம் ஒரு கை குருணை போட்டால் போதும், மிச்சத்தை அவையே கிளறித் தின்றுகொள்ளும். இப்போது மாதம் அறுநூறு ரூபாய்க்கு மேல் தீவனத்துக்கே போகிறது. முட்டையும் குறைவு. ஒன்றை ஒன்று கொத்துகிறது. நாட்டுக்கோழியை அடைத்து வளர்ப்பதற்கு எங்கள் தெருவில் யாருக்கும் கட்டுப்படியாகாது, அம்மாவுக்கு நான் காசு அனுப்புவதால் ஓடுகிறது. ஒரு காலத்தில் அந்தக் கோழி என்னைப் படிக்க வைத்தது.

நெருக்கி அடைத்த கோழிக்கு நோய் வந்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் தடுப்பூசியில் இறங்கினேன். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் இரண்டு வாரம் கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எங்கள் தெருவில் இதுவரை ஒரு கோழிக்கும் போட்டதில்லை. பாகுபாடு என்று எழுதத் தயாராகத்தான் போனேன். விசாரித்தால் காரணம் கொஞ்சம் சிக்கல். முகாம் ஊர் மந்தையில், காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கு எங்கள் பெண்கள் ஏலக்காட்டில் இருப்பார்கள். கோழி வெளியே மேய்ந்துகொண்டிருக்கும், பகலில் நாட்டுக்கோழியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கு. உடைத்துக் கலக்கினால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காகக் குப்பியை உடைக்க மாட்டார்கள். மந்தைக்கு நம் பெண்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பதும் அவ்வளவு எளிதில்லை, அதுவும் சேர்ந்துதான். யாரும் தடுக்கவில்லை, யாரும் வரவில்லை. ரிஜிஸ்டரில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று இருக்கும்.

வீடு வீடாகப் போய் எண்ணினேன். முப்பத்தெட்டு வீட்டில் நூற்றிமுப்பத்திரண்டு கோழி. மனு கொடுத்தோம். இந்த முறை அம்மாதான் முதல் கையெழுத்து. கோரிக்கை ஒன்றே ஒன்று: விடிகாலை ஐந்து மணிக்கு, எங்கள் தெருவில். கோழி கூடை விட்டு இறங்கும் முன்னால், ஜீப் வரும் முன்னால். கால்நடை ஆய்வாளர் ஒருவர் ஒத்துக்கொண்டார். இந்த பிப்ரவரியில் ஒரு நாள், ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு இருட்டில் வந்து இறங்கினார். தெருவிளக்கு எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் பஞ்சாரம் பஞ்சாரமாகத் தூக்கி, இறக்கையைப் பிடித்து, ஊசி. குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. ஆறு மணிக்குள் நூற்றிப்பத்துக்கு மேல் போட்டாயிற்று, மூன்று பெண்கள் ஊசி போட்ட கையோடு ஜீப்பில் ஏறினார்கள்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். எங்கள் தெரு இல்லை, ஊர்த் தெரு. கட்டைப்பையில் இரண்டு பெட்டைக்கோழி, ஒரு சின்னப் பெட்டியில் குஞ்சுகள். தெரு முக்கிலேயே நின்றுகொண்டு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மாவைவிட இருபது வயது சின்னவள். மந்தை முகாமுக்குப் போக முடியவில்லை, கொஞ்சம் போட்டு வாங்கித் தருகிறாயா என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "உள்ள வரச் சொல்லு" என்றேன், அவளுக்குக் கேட்கும்படி. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. போய்ப் பையை வாங்கி வந்து இரண்டுக்கும் ஊசி போட்டாள். "ஏன் போடுற?" என்றதற்கு, "அது சீக்கு வந்து செத்தா அடுத்து நமக்குத்தானடி வரும்" என்றாள்.

குஞ்சுகளுக்கு ஊசி போடக் கூடாது, வயது பத்தவில்லை, சொட்டு மருந்துதான், அதை அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன் என்றார் ஆய்வாளர். அம்மா பையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தெரு முக்குக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். "குஞ்சுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமைதானாம்" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு வீட்டுக்கே வந்துருங்க, இங்க முக்குல நின்னா எனக்குத் தெரியாது" என்றாள். எப்போதும் போல 'ங்க' போட்டுத்தான் சொன்னாள்.

அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.